அந்தப் பத்து மார்க் எங்கிருந்து வந்தது?

முக்கூடல் பக்கத்துக் கிராமத்தில் இருந்து 18 வயது மாணவி ஒருத்தி எழுதிய கடிதம், சுருக்கமாக:

"டீச்சருக்கு வணக்கம். ஆறாம் வகுப்பில் இருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பிளஸ் டூவில் தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் குரூப், 600-க்கு 528. நீட் தேர்வில் 720-க்கு 266 வந்திருக்கிறது. 400 வரும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அம்மா பீடி சுற்றுகிறார்கள். அப்பா குத்தகைக்கு வயல் பார்க்கிறார்கள். வெளியூரில் ஹாஸ்டலோடு ஒரு வருட கோச்சிங், ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். அம்மா தாலிச் செயினை அடகு வைத்துவிடலாம் என்கிறார்கள். ஆடியில் கோவில் கொடைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், அவர்கள் முகத்தில் எப்படி முழிக்க? ராத்திரி தூக்கம் இல்லை. திரும்ப எழுதலாமா? எழுதினால் எதை மாற்றிப் படிக்க வேண்டும்? கேள்வித்தாள், வட்டம் ஷேட் செய்யும் ஓ.எம்.ஆர். விடைத்தாளின் நகல், விடைக்குறிப்பு மூன்றையும் வைத்து நான் போட்ட கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள மகளுக்கு,

நெல்லையப்பர் ஆனித் தேர் நிலைக்கு வந்த மறுநாள் உன் கடிதம் என் கைக்கு வந்தது. எனக்கு வரும் கடிதங்களில் பாதி "டீச்சர், 240 வந்திருக்கு, என்ன செய்ய?" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். நீ அந்தத் தனித்தாளை இணைத்தாய் பார், அதற்காகவே இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். அதில் இருக்கும் எண்களை இங்கே போடுகிறேன், மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும்.

உயிரியலில் 90 கேள்வி: 62 சரி, 22 தப்பு, 6 விட்டது. ஆக 226 மார்க். வேதியியலில் 45: 14 சரி, 26 தப்பு, 5 விட்டது. 30 மார்க். இயற்பியலில் 45-ஐயும் எழுதியிருக்கிறாய்: 11 சரி, 34 தப்பு. 10 மார்க். மூன்றையும் கூட்டினால் 266.

முதலில் இயற்பியல். கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு கேள்விக்கு நான்கு விடை. கேள்வியைப் படிக்காமலேயே சாட் பூட் த்ரீ போட்டு ஷேட் செய்தால், 45-ல் சராசரியாக 11 சரியாக வரும். சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. 44-ல் 34 போனால் 10. அதாவது, இந்தத் தாளைப் பார்க்காத ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய மார்க்கைத்தான் நீ எடுத்திருக்கிறாய். ஆனால் அதற்கு 80 நிமிடம் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். மொத்தமே 180 நிமிடம். தாளை முதல் பக்கத்தில் இருந்து தொடங்கி, இயற்பியலில் மாட்டிக்கொண்டு, வேதியியலுக்கு 45 நிமிடம் போக, உயிரியலுக்கு மிஞ்சியது 55 நிமிடம். 90 கேள்வியைப் படித்து, யோசித்து, ஷேட்டும் செய்ய 55 நிமிடம்!

உன் தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. உயிரியலில் தப்பான 22-ல் 13, விட்ட 6-ல் 4, வீட்டில் நிதானமாகப் போட்டபோது சரியாக வந்ததாம். இந்த வரியை நீ வருத்தத்தோடு எழுதியிருக்கிறாய். எனக்கு இதுதான் கடிதத்திலேயே நல்ல சேதி. ஒரு தப்பு சரியானால் நான்கு மார்க் வருவதோடு மைனஸும் போகும், ஆக ஐந்து. 13 தப்புக்கு 65, விட்ட 4-க்கு 16, மொத்தம் 81. புதிதாக ஒரு வரிகூடப் படிக்காமல் 266 என்பது 347 ஆகியிருக்கும். சரி, தேர்வறையின் படபடப்பில் அத்தனையும் வந்துவிடாது, முக்கால்வாசி என்றே வைத்துக்கொள். அப்போதும் 320-ஐத் தாண்டுகிறாய்.

அதனால் 266 என்று ஒரே எண்ணாக நினைத்து அழுவதை நிறுத்து. உயிரியலில் உனக்கு நேரம் போதவில்லை. இயற்பியலில் அடித்தளமே போடவில்லை. வேதியியல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூன்றுக்கும் ஒரே கோச்சிங், ஒரே டைம்டேபிள் என்றால் மூன்றும் ஆறாது.

இயற்பியலில் அடித்தளம் இல்லை என்று ஏன் சொல்கிறேன்? நீ பியூர் சயின்ஸ் குரூப். பத்தாம் வகுப்போடு கணக்குப் பாடத்தை விட்டாய். நீட் தாளில் கால்குலேட்டர் கிடையாது. பத்தின் அடுக்குகள், பின்னம், சைன் காஸ், மடக்கை, ஒரு வரைபடத்தின் சாய்வு எல்லாம் விரல் நுனியில் இல்லாவிட்டால், பாடம் புரிந்தாலும் விடை வராது. முப்பது வருடமாக இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். "பிசிக்ஸ் வராது" என்று என்னிடம் வந்த பியூர் சயின்ஸ் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு வராமல் போனது கணக்குதான்.

ஒரு கணக்கைப் பார். 4 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 50 வோல்ட்டுக்கு மின்னேற்றினால் அதில் சேரும் ஆற்றல் எவ்வளவு? மின்தேக்குத் திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் 5 மில்லிஜூல். இந்தக் கேள்விக்கு நான் விடைகள் அமைத்தால் இப்படித்தான் அமைப்பேன்: 5 மில்லிஜூல், 10 மில்லிஜூல், 0.1 மில்லிஜூல், 5 ஜூல். பாதியாக்க மறந்தவளுக்கு 10 மில்லிஜூல் காத்திருக்கும். வர்க்கம் எடுக்க மறந்தவளுக்கு 0.1. மைக்ரோவை மில்லி என்று எடுத்தவளுக்கு 5 ஜூல். தப்பான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தடுமாற்றத்துக்காக வைத்த பொறி. போட்ட கணக்கின் விடை அப்படியே தாளில் இருப்பதைப் பார்த்ததும் "ஆஹா" என்று ஷேட் செய்துவிடுகிறோம்.

அதனால் நீ இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை படிப்பது இல்லை. ஒரு நீள நோட்டு வாங்கு. தப்பான 82 கேள்விகளையும் அதில் எழுது, ஒரு நாளைக்கு ஏழெட்டு போதும். ஒவ்வொன்றுக்கும் நீ எந்த விடையை ஷேட் செய்தாய், என்ன நினைத்து அதைப் போட்டாய் என்று ஒரு வரி. "பாடமே தெரியாது", "சூத்திரம் தெரியும், அடுக்கில் தப்பு", "'தவறானது எது' என்று கேட்டதைக் கவனிக்கவில்லை", "கேள்வியில் உள்ள சொல் புரியவில்லை". இப்படி உன் சொந்த வார்த்தையில் எழுது. "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதாதே, அது ஒரு காரணமே இல்லை. பத்து நாளில் முடியும். முடிந்ததும் எந்தக் காரணம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார். அடுத்த பத்து மாதம் என்ன படிக்க வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கையை விடச் சரியாக எந்த சென்டரும் உனக்குச் சொல்லாது.

சொல் புரியாதது பற்றித் தனியாக ஒன்று. தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கேள்வித்தாள் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்துதான் வரும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் என்றால் ஆங்கிலத்தில் இருப்பதே முடிவானது. நம் பாடநூலில் ஒரு சொல்லும் தாளில் வேறு சொல்லும் வருவது உண்டு. நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்தி போட்டுக்கொள். மின்தேக்கிக்கு எதிரே கெபாசிட்டர், முறுக்கு விசைக்கு எதிரே டார்க் என்று எழுதி, ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பழகு. உயிரியலுக்கு மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் இருப்பதை நம் மாநிலப் பாடநூலோடு பக்கத்தில் வைத்து நாளுக்கு இரண்டு பக்கம் பார். படங்கள் உனக்கு ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இனி படிக்கும் முறை. ஒவ்வொரு பாடத்தையும் ஐந்து முறை வாசித்தேன் என்கிறாய். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும், அடிக்கடி போகிற கல்யாண வீட்டு ஆட்களைப் போல முகம் பழகிவிடும், பேர் கேட்டால் வராது. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள் ஒரு பக்கம், வாசித்ததை நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உனக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லையே. அதனால் ஒரு முறை வாசி, புத்தகத்தை மூடு, வெற்றுத்தாளில் நினைவு வந்ததை எழுது, திறந்து பார்த்து விட்டதைச் சிவப்பு மையில் சேர். மூன்று நாள் கழித்து ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை. எரிச்சலாக இருக்கும். ஒன்றுமே தெரியவில்லை போல இருக்கும். அப்படி இருந்தால் சரியாகப் படிக்கிறாய் என்று அர்த்தம்.

காலத்தை நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். அப்பா இப்போது கார் பருவ நெல்லுக்கு நாற்று விட்டிருப்பார். நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறை ஒட்டி வரும். அதற்குள் காரும் அறுத்து, அடுத்த போகமான பிசானமும் அறுத்து முடிந்துவிடும். கார் அறுப்பு வரைக்கும் உனக்கு இரண்டே வேலை. காலையில் ஒரு மணி நேரம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்கு. வெட்கப்படாதே, தம்பி தங்கை புத்தகத்தை வாங்கிக்கொள். அப்புறம் இயற்பியலில் தேர்ந்தெடுத்த பாடங்கள் மட்டும்: அலகுகள், மின்னோட்டவியல், கதிர் ஒளியியல், அணு, அணுக்கரு, குறைக்கடத்தி. இவற்றில் ஒரு சூத்திரமும் ஒரு பெருக்கலும் தெரிந்தாலே பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும். சுழற்சி இயக்கத்தோடு மல்லுக்கட்டி ஒரு மாதத்தை விடாதே, அது பிசானத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம். 45-ல் 20 சரியாக வந்து, தெரியாததில் கை வைக்காமல் இருந்தாலே 10 என்பது 70, 80 ஆகும்.

வேதியியலுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கனிம வேதியியலை உயிரியல் போல எழுதிப் பார்த்துப் படி. கணக்கு வரும் பகுதிகள் கணக்கு சரியானதும் தானாகத் தேறும்.

பிசானம் நட்ட பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முழுத் தேர்வு. காலையில் ஜில்லென்று உட்கார்ந்து எழுதாதே. நீட் மதியம் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது. சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரம், அதுவும் சித்திரை வெயிலில். நீயும் 2 மணிக்கே உட்கார். ஓ.எம்.ஆர். தாளை நகலெடுத்து வைத்துக் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் ஷேட் செய். ஒரு வட்டத்துக்கு நான்கு விநாடி என்றாலும் 180 வட்டத்துக்கு 12 நிமிடம். வீட்டில் பென்சில் டிக் போட்டுப் பழகிய பிள்ளைகள் இந்த 12 நிமிடத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உயிரியலில் தொடங்கு, அதற்கு 65 நிமிடம். வேதியியல் 50. இயற்பியல் 55. மீதி 10 நிமிடம் கையிருப்பு. "அஞ்சு கேள்வியை சாய்ஸில் விடலாம்" என்று போன வருஷங்களில் எழுதிய அக்காமார் சொல்வதைக் கேட்காதே. 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180 எழுதச் சொன்னார்கள், 2022-ல் இருந்து 20 நிமிடம் கூடுதலாகவும் தந்தார்கள். 2025-ல் இருந்து 180-ம் கட்டாயம், 3 மணி நேரம்தான்.

தெரியாததை ஊகித்துப் போடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். நான்கில் இரண்டு விடை நிச்சயம் இல்லை என்று அடிக்க முடிந்தால் தைரியமாகப் போடு, சராசரியில் லாபம்தான். ஒன்றையும் அடிக்க முடியாத கேள்வியில் லாபம் கால் மார்க். அதற்காக மூன்று நிமிடம் விரலைக் கடித்துக்கொண்டு உட்காராதே. உனக்கு இயற்பியலில் நட்டம் செய்தது மைனஸ் மார்க்கை விட அந்த நிமிடங்கள்தான்.

இப்போது செயின் விஷயம். அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டு. அக்கா, ஆவணி பிறக்கும் வரைக்கும் செயினைக் கழற்ற வேண்டாம். பிள்ளை அந்த நோட்டை முடிக்கட்டும். ஒன்றரை லட்சம் கேட்கும் இடத்தில் மூன்று விஷயம் விசாரியுங்கள். வகுப்பு தமிழில் நடக்குமா? ஒரு பேட்ச்சில் எத்தனை பிள்ளைகள்? தேர்வு வைத்த மறுநாள் தப்பானதை ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து பார்க்க ஆள் உண்டா? முதல் நாளே பதினோராம் வகுப்பு இயற்பியலை வேகமாக ஓட்டும் இடத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கைத் திருப்பிச் சொல்லித் தர மாட்டார்கள், இவளுக்கு வேண்டியது அதுதான். படித்த பள்ளியில் இயற்பியல் ஆசிரியரிடம் போய்க் கேட்கட்டும். சொல்லித் தர மாட்டேன் என்று சொல்லும் வாத்தியார் அபூர்வம். மாதிரித் தேர்வு மட்டும் எழுத வாரம் ஒரு முறை பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினால் போதும், அதற்குச் செயின் வேண்டாம்.

திரும்ப எழுதலாமா? எழுது, ஆனால் ஒரு வருடம், ஒரே ஒரு முறை. நீட் எழுத உச்ச வயது வரம்பு, முறை வரம்பு எதுவும் இல்லாததால் மூன்று, நான்கு வருடம் அதிலேயே கரைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தை பிறக்கும்போது முழுத் தேர்வில் 400-ஐத் தொடவில்லை என்றால், மருத்துவத்தை மட்டும் நம்பி இருக்காதே. இது என் அளவுகோல், யாருடைய சட்டமும் இல்லை. 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறில் இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த உன்னைப் போன்றவர்களுக்கானது. அதில் சேர்ந்தால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இரண்டாம் முறை எழுதி அந்த வழியில் சேர்ந்தவர்கள் உண்டு.

அதோடு இந்த வருடக் கதவுகளையும் சாத்திவிடாதே. 266 தோல்வி மார்க் இல்லை. 2025-ல் தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 144, பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் பிரிவினருக்கு 113. பாளையங்கோட்டையில் 1964-ல் இருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதற்கும் நீட் தகுதிதான் கேட்கிறார்கள், 7.5 சதவீதம் அங்கும் உண்டு. கால்நடை மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்தான் பார்க்கிறார்கள், அந்தக் கல்லூரி ராமையன்பட்டியிலேயே இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங்குக்கும் பிளஸ் டூ மார்க்தான். 528-ஐக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடுவது 266-ஐ விடப் பெரிய தப்பு. இன்றைக்கே தேதிகளைப் பார். இடம் கிடைத்தால் சேர்வதா, விட்டுவிட்டுப் படிப்பதா என்பதை இடம் கிடைத்த பிறகு யோசிக்கலாம்.

கொடைக்கு வரும் சொந்தக்காரர்கள் பற்றி. 1986-ல் நானும் மாநில நுழைவுத் தேர்வு எழுதினேன், 1984-ல் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் நடந்த அந்தத் தேர்வு. இயற்பியலில்தான் கவிழ்ந்தேன். அந்த வருடக் கொடையில் எத்தனை மார்க் என்று கேட்டவர்கள் ஊர் முழுக்க. எங்கே போச்சு என்று கேட்டவர் ஒருத்தர்கூட இல்லை. பெரியம்மா ஒருத்தி மட்டும், "ஏட்டி, முதல்ல ஒரு வாய் தின்னுட்டி" என்று வில்லுப்பாட்டுப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போய் இலை போட்டாள். அதற்கப்புறம் பிடிவாதமாக பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தேன், அதையே சோறாகவும் ஆக்கிக்கொண்டேன். யாராவது கேட்டால் "266, அடுத்த வருஷம் பார்க்கலாம் அத்தை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

தூக்கம் வராதது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பது போல ஒரு நினைப்பு ஒரு முறை வந்தாலோ, நோட்டையும் படிப்பையும் அப்படியே வைத்துவிட்டு அன்றைக்கே அம்மாவிடம் சொல். 104-க்கோ, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கோ போன் செய். இரண்டிலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். மருந்துக்கடைக்குப் போவது போன்ற சாதாரண வேலைதான் அது.

நோட்டின் முதல் நான்கு பக்கத்தை எழுதியதும் படமெடுத்து எனக்கு அனுப்பு. இயற்பியல் பக்கங்களை முதலில் அனுப்பு. "என்ன நினைத்துப் போட்டாய்" என்ற வரியை ஒன்றில்கூட விடாதே, எனக்கு வேண்டியது அந்த வரிதான்.

அன்புடன்,
உன் டீச்சர்